கூடாரத்துக் காவல்காரன்: 1292ல செதுக்குன ஒரு திபெத் கல் சிலைய முழுசா பிரிச்சுப் பாத்த கதை

மே மாச லீவுல ஃபேமிலியோட மலைப்பக்கம் டூர் போயிட்டு வந்த ஃப்ரெண்டு ஒருத்தன், பழைய நியூஸ்பேப்பர்ல சுத்தி ஒரு சிலைய கொண்டு வந்து என் டேபிள் மேல வச்சான். "மச்சான், திபெத் ஐட்டம்டா, கையால செதுக்குனது, எரநூறு வருஷம் பழசாம், பதிச்சிருக்கிறதெல்லாம் ஒரிஜினல் டர்க்காய்ஸ், ஒரிஜினல் பவளம்"னு கடைக்காரர் சொன்னத ஒரு வார்த்த விடாம ஒப்பிச்சான். ஒரு சாண் உயரம், கருங்கல் மாதிரி கலரு, குட்டையா தொப்பையும் கோரப்பல்லுமா ஒரு சாமி, தலையில மண்டையோட்டுக் கிரீடம், கிரீடத்துல நீலக் கல்லு, மார்ல செவப்புக் கல்லு, மூஞ்சி பூரா தங்கக் கலரு.

எனக்கு இது தொழில் இல்ல, கல்லு பாக்குறது ஒரு கிறுக்கு, அவ்ளோதான். பத்து மடங்கு லென்ஸ எடுத்து கை இடுக்குல பாத்தா மெல்லிசா ஒரு கோடு தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் நேரா ஓடுது, அச்சோட ரெண்டு பாதி சேர்ற எடம் அது. பீடத்துக்கு அடியில ஊசி குத்துன மாதிரி சின்னச் சின்ன காத்துக் குமிழி. உளி பட்ட கல்லுல அப்படி குமிழி வராது, கல்லுப் பொடிய ரெசின்ல கொழச்சு அச்சுல ஊத்துனாதான் வரும். காது குடையற பட்ஸ அசிட்டோன்ல நனச்சு நீலக் கல்லோட ஓரத்துல லேசா தேச்சேன், பஞ்சு நீலமாயிடுச்சு. ஹௌலைட்னு ஒரு வெள்ளக் கல்லு இருக்கு, வெல கம்மி, சாயத்த நல்லா குடிக்கும், அதுல ஓடற சாம்பல் நரம்பு அசல் டர்க்காய்ஸ்ல இருக்கற நரம்பு மாதிரியே இருக்கறதால அத நீலமாக்கி டர்க்காய்ஸ்னு விக்கிறது ரொம்ப நாளா நடக்குது. பவளத்துல சூடு பண்ண ஊசி முனைய வச்சதும் பிளாஸ்டிக் பொசுங்குற நாத்தம். (நெஜக் கல்லுல இத செஞ்சிடாதீங்க, தழும்பு நின்னுரும். அவன்கிட்ட கேட்டுட்டுதான் செஞ்சேன்.)

அவனுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. டீ குடிச்சு முடிச்சப்புறம் கேட்டான், "சரி, அப்போ நெஜமானது எப்படிடா இருக்கும்?"

அவனுக்கு வாய்ல சொன்னது பத்தல, அதனாலதான் இத எழுதறேன். அவன் வாங்குன அதே சாமி, அதே குட்டை உருவம், ஆனா நெஜமாவே கல்லுல செதுக்கி, தங்கமும் நிறமும் ஏத்துன ஒரு சிலை பாரிஸ்ல கீமே மியூசியத்துல இருக்கு. லியோனெல் ஃபூர்னியேங்கறவர் 1989ல மியூசியத்துக்கு நன்கொடையா குடுத்த திபெத் கலெக்‌ஷன்ல வந்தது. உயரம் சுமார் அரை மீட்டர். செஞ்ச வருஷம் 1292. சுமாரா 13ஆம் நூற்றாண்டா இருக்கலாம்னு யாரோ கணிச்சது இல்ல, சிலையிலயே எழுதியிருக்கு. இந்த ஒரு விஷயத்தாலதான் திபெத் கலைய படிக்கிறவங்க இந்தச் சிலைய திரும்பத் திரும்ப இழுக்கறாங்க. ஹெதர் ஸ்டாடார்ட்ங்கற திபெத் அறிஞர் 1985லயே இதுக்குன்னு தனியா ஒரு கட்டுரை எழுதிட்டாங்க. நான் பாரிஸ் பக்கமே போனதில்ல, போட்டோவ ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பாத்ததுதான், அத முதல்லயே சொல்லிடறேன்.

யாரு இந்தச் சாமி

மகாகாளன்தான். ஆனா மகாகாளன்ல நெறைய வகை உண்டு, ரெண்டு கை, நாலு கை, ஆறு கைன்னு. இவருக்கு ரெண்டே கை. பேரு குர்க்யி கோன்போ. குர்னா கூடாரம், கோன்போனா நாதன், காவல்காரன். சமஸ்கிருதத்துல பஞ்சரநாத மகாகாளன். பஞ்சரம்ங்கற வார்த்தை நமக்கு புதுசு இல்ல, கிளிய அடைக்கிற கூண்டும் பஞ்சரம்தான், கோயில் விமானத்துல கூடம், சாலை, பஞ்சரம்னு வரிசையா வைக்கிறாங்களே அதுல வர்றதும் பஞ்சரம்தான். வஜ்ரபஞ்சர தந்திரம்னு ஒரு பௌத்த நூல், அதுல இருந்து வந்த பேர திபெத்ல மொழிபெயர்க்கும்போது பஞ்சரம் கூடாரமாயிடுச்சு. மங்கோலியர்களும் கூடாரவாசிங்க, அதனாலதான் இவர் மேல அவ்ளோ பக்தின்னு ஒரு பேச்சு உண்டு. கேக்க நல்லா இருக்கு, ஆனா பேரு மங்கோலியர் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது.

ஒடம்பு பூதகணம் மாதிரி, குட்டைக் காலு, முன்னாடி தள்ளுன தொப்பை. மூணு கண்ணு, வெளிய நீட்டுற கோரப்பல்லு, நெருப்பு மாதிரி மேல எழும்புற தலைமுடி, அஞ்சு மண்டையோடு வச்ச கிரீடம், வெட்டுன தலைங்கள கோத்த மாலை. கீழ ஒரு பொணம், அது மேல நிக்கிறார். நம்ம நடராஜர் காலடியில முயலகன் இருக்கானே, அவனாவது உயிரோட தலைய தூக்கிப் பாப்பான், இது வெறும் பொணம். நெஞ்சுக்கு நேரா எடது கையில கபாலம், ரத்தம் நெறஞ்சது. அதுக்கு மேல வலது கையில ஒரு கத்தி, தோல் தைக்கிறவங்க வச்சிருக்கற அரைவட்டக் கத்தி மாதிரி, பிடி மட்டும் மேல வஜ்ராயுத வடிவத்துல முடியும். ரெண்டு முழங்கை மடிப்புலயும் குறுக்க ஒரு நீளக் கட்டை கெடக்கு பாருங்க, அதுதான் இவரோட ஆதார் கார்டு. மத்த மகாகாளன் யாருக்கும் கிடையாது. அது ஆயுதம் இல்ல. மடத்துல பிக்குகள ஒண்ணு கூட்ட தட்டுற மரக்கட்டை, பேரு கண்டி. நம்ம ஊர்ல சேகண்டி தட்டுற வேலைய அங்க மரம் செய்யுது. இவ்ளோ ரத்தமும் மண்டையோடுமா இருக்கற ஒரு ஆளு, கையில பெல் அடிக்கிற கட்டைய வச்சுக்கிட்டு நிக்கிறார்னா என்ன அர்த்தம், மடத்தோட காவல் என் பொறுப்புன்னு சொல்றார்.

என் ஃப்ரெண்டோட பொம்மையில இந்தக் கட்டைய மோல்டு பண்ணவன் கைப்பிடி இருக்கற ஒரு சூலமா மாத்தி வச்சிருந்தான். அச்சுக் கோட்ட விட எனக்கு அதுதான் முதல்ல உறுத்துச்சு.

மகாகாளன்னதும் நமக்கு பைரவர் ஞாபகம் வரும், தப்பில்ல, வேர் ஒண்ணுதான். சம்பந்தர் பாடுன இரும்பை மாகாளமும் அம்பர் மாகாளமும் இங்கதான் இருக்கு. ஆனா திபெத்ல இவர் சிவன் இல்ல, பௌத்தத்துக்கு காவலா நிக்கிற தர்மபாலர். குறிப்பா சாக்யா மடத்தோட குலதெய்வம் மாதிரி. சாக்யா மடம் 1073ல ஆரம்பிச்சது. அங்க கோரும்னு ஒரு கோயில்ல இவரோட கருப்பு முகமூடி ஒண்ண வச்சு கும்பிட்டாங்க, பறக்கும் முகமூடின்னே அதுக்கு பேரு.

1292ல என்ன நடந்துட்டு இருந்தது

சிலைய மட்டும் பாத்தா பாதிதான் புரியும். சாக்யா பண்டிதர்னு ஒரு பெரிய அறிஞர், மங்கோலிய இளவரசன் கோதான் கூப்பிட்டு விட்டான்னு 1244ல வயசான காலத்துல கெளம்பினார், கூடவே அண்ணன் தம்பி ரெண்டு பசங்க, அவரோட தம்பி மகனுங்க. அதுல மூத்தவன் பக்பாவுக்கு அப்போ பத்து வயசு கூட இருக்காது. அந்தப் பையன்தான் பின்னாடி குப்லாய் கானோட குருவானான், 1260ல அரச குரு, 1270ல பேரரச குரு. மங்கோலியப் பேரரசுக்கே ஒரு புது எழுத்து உருவாக்கிக் குடுத்தான், 1269ல அது அமலுக்கு வந்துச்சு. குருவோட குலதெய்வம் சிஷ்யனோட குலதெய்வமாச்சு, சிஷ்யன் பேரரசன்ங்கறதால சாமி பேரரசுக்கே படைத்தலைவன் ஆயிட்டார்.

அரனிகோன்னு ஒரு நேபாள சிற்பி இருக்கார், நேபாளத்துல இன்னைக்கும் அவர் பேர்ல நெடுஞ்சாலை ஓடுது. 1260ல பதினாறு பதினேழு வயசுல எண்பது கைவினைஞர்கள கூட்டிக்கிட்டு பக்பாவுக்கு தங்க ஸ்தூபி கட்ட திபெத் வந்தார், அப்படியே பக்பா அவர குப்லாய் அரண்மனைக்கு கூட்டிட்டுப் போயிட்டார். பெய்ஜிங்ல இப்பவும் நிக்கிற வெள்ளை ஸ்தூபி, 1271ல ஆரம்பிச்சு 1279ல முடிச்சது, அவர் கைவேலை. தெற்குச் சீனாவ ஆண்ட சோங் வம்சத்தோட சண்டை நடக்கும்போது 1274 வாக்குல இதே மகாகாளனுக்கு கோயிலும் சிலையும் செஞ்சது அவர்தான், தெற்கு பாத்து வச்சு, தம்பாங்கற சாக்யா லாமா பூஜை பண்ணார். 1276ல சோங் தலைநகர் ஹாங்ஜௌ சரண். மகாகாளன்தான் ஜெயிச்சுக் குடுத்தார்னு மங்கோலியர் நம்புனாங்க.

ஜெயிச்சப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஹாங்ஜௌ பக்கம் பௌத்த விவகாரத்துக்கு அதிகாரியா குப்லாய் போட்ட ஆளு யாங் லியன்ஜென்ஜியா. சோங் ராஜாக்களோட சமாதிய ஒடச்சு நகை நட்டெல்லாம் அள்ளிட்டு, லிஜோங்ங்கற பேரரசரோட மண்டையோட்ட எடுத்து கபாலமா, குடிக்கிற பாத்திரமா செஞ்சுட்டாங்க. மிங் வம்சம் வந்தப்புறம்தான் அந்த மண்டைய தேடிப் புடிச்சு மறுபடி அடக்கம் பண்ணாங்க. இத படிச்சப்புறம் கீமே சிலையோட எடது கையப் பாருங்க. கபாலம்னா தத்துவம், அகங்காரத்த அறுக்கறது, அப்படின்னு புக்குல விளக்கம் குடுப்பாங்க, அதுவும் உண்மைதான். ஆனா அந்தச் சிலைய செதுக்குன காலத்துல ஒரு ராஜாவோட மண்டை நெஜமாவே யார் கையிலயோ இருந்தது.

அதே யாங்தான் ஹாங்ஜௌல ஃபெய்லாய்ஃபெங் பாறை முழுக்க திபெத் பாணியில சிலைங்க வெட்ட வச்சார், 1282ல ஆரம்பிச்சு அங்க கெடைக்கற தேதிங்க 1292ல முடியுது. நம்ம சிலையோட வருஷமே. அங்கேயே ஊருக்குள்ள பாவ்செங் கோயில்ல 1322ல வெட்டுன ஒரு மகாகாளன் பாறைச் சிற்பமும் உண்டு. திபெத்துக்குள்ளயும் நெலம சாதுவா இல்ல, 1290ல சாக்யாக்காரங்க மங்கோலியப் படைய கூட்டிட்டுப் போய் எதிர்த்த த்ரிகுங் மடத்த எரிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இந்தச் சிலை. காவல் தெய்வம்னு நாம சாதாரணமா சொல்லிடறோம், எத காக்க, யார்கிட்ட இருந்துன்னு கேட்டா பதில் இந்த வருஷங்கள்ல கெடக்கு.

கல்லு மேல தங்கம்

திபெத்ல சாமி சிலைன்னா பெரும்பாலும் செம்பு, பித்தளை, இல்லன்னா கோயிலுக்குள்ள களிமண்ணு. கல்லு வேலை நெறைய உண்டு, ஆனா அது மணிக்கல்லு, ஓம் மணி பத்மே ஹூம்னு வெட்டி வழியோரமா மலை மாதிரி குவிச்சு வைக்கிறது, இல்லன்னா பாறையிலயே வெட்டுறது. அரை மீட்டர் உயரத்துக்கு தனிக் கல்லுல இவ்ளோ நுணுக்கமா தலைமாலையும் எலும்பு நகையும் செதுக்குனது அபூர்வம். கிழக்கிந்தியாவுல பால வம்ச ராஜாக்கள் காலத்துல சின்னச் சின்ன கல் பலகைல புத்தர் வாழ்க்கைய செதுக்கி, அது யாத்திரைக்காரங்க கையோட திபெத் வரைக்கும் போயிருக்கு, அந்தப் பழக்கத்தோட நீட்சி இதுன்னு எனக்கு தோணுது.

இப்போ தங்கம். செம்பு சிலைக்கு தங்கம் ஏத்துறது தனி வித்தை, தங்கத்த பாதரசத்துல கொழச்சு செம்பு மேல பூசி நெருப்புல காட்டுவாங்க, பாதரசம் ஆவியாப் போயிடும் (செய்யறவன் நுரையீரலுக்கும் போகும், காத்மாண்டு பக்கம் பாட்டன்ங்கற ஊர்ல இந்த வேலைய இன்னும் பண்றாங்க), தங்கம் செம்போட ஒட்டி ஒண்ணாயிடும். கல்லுல இது நடக்காது. உலோகம்தான் பாதரசத் தங்கத்த புடிச்சுக்கும், கல்லு புடிக்காது. அதனால கல்லுக்கு ஒரே வழி பச்சைத் தங்கம், அதாவது சூடே காட்டாம பூசறது. தங்க ரேக்க அரைச்சுத் தூளாக்கி, தோல்ல இருந்து எடுக்கற பசையில கொழச்சு, பிரஷ்ஷால தடவி, காஞ்சதும் வழவழன்னு இருக்கற அகேட் கல்லால தேச்சு தேச்சு பளபளப்பு ஏத்தணும். நம்ம தஞ்சாவூர் படத்துல ரேக்க அப்படியே ஒட்டுவோம், இங்க அரைச்சு பூசறாங்க, வித்தியாசம் அதுதான்.

இதனால ஒரு விளைவு உண்டு, பழசா புதுசான்னு பாக்குறவங்களுக்கு இதுதான் முக்கியம். பசையில ஒட்டுன தங்கம் கை பட்டா, துணி பட்டா, பட்டு சால்வை போத்தி எடுத்தா தேயும். மூக்கு, தொப்பை, முட்டின்னு மேடா இருக்கற எடத்துல முதல்ல போகும், நகையோட இடுக்கு, தலைமுடி மடிப்புல தங்கும். கீமே சிலையில தங்கமும் நிறமும் இப்போ மிச்சம் மீதியாத்தான் இருக்கு. ஃப்ரெண்டோட பொம்மையில எரநூறு வருஷம் பூஜை பண்ண மூக்கும், யாருமே தொட முடியாத அக்குளும் ஒரே மாதிரி மின்னுது, பெயிண்ட் கடை கோல்டு.

ஆனா நெஜத் தங்கம் இருந்தாலும் அத வச்சு வயசு சொல்ல முடியாது. திபெத்ல சிலை மூஞ்சிக்கு தங்கம் பூசறது ஒரு நேர்த்திக்கடன், லாசாவுல ஜோகாங் கோயில் புத்தருக்கு இன்னைக்கும் பக்தர்கள் காசு கட்டி தங்கம் ஏத்துறாங்க. போன வாரம் பூசுன தங்கத்துக்கு அடியில ஆயிரம் வருஷச் சிலை இருக்கலாம். டர்க்காய்ஸ், பவளமும் அப்படித்தான், அங்க பொம்பளைங்க தன் நகையக் கழட்டி சாமிக்கு போடுவாங்க, அது பின்னாடி கிரீடத்துல ஏறும். பவளம் கடலே இல்லாத திபெத்துக்கு மத்தியதரைக்கடல்ல இருந்து கை மாறி கை மாறி வந்த பொருளு, டர்க்காய்ஸ்ல ஒரு பங்கு ஈரான்ல இருந்து வந்தது. விலை உயர்ந்த அலங்காரம் சிலையோட செல்வாக்க சொல்லும், பொறந்த தேதிய சொல்லாது. கீமே சிலையில பேர் சொல்ற வேலை பதிச்ச கல்லு இல்ல, நகைய கல்லுலயே செதுக்கி அதுக்கு மேல தங்கத்தையும் நிறத்தையும் ஏத்துனது.

எழுத்து

அப்போ பொறந்த தேதி எங்க இருக்குன்னா கல்வெட்டுல. 1292ன்னு நாம சொல்றது திபெத் கணக்குல நீர் டிராகன் வருஷம். அஞ்சு பூதம், பன்னெண்டு மிருகம், ஜோடி சேத்து அறுபது வருஷ சுத்து. இங்கதான் எனக்கு புல்லரிச்சது. திபெத்காரங்க இந்த அறுபது வருஷ சுத்துக்கு வச்ச பேரு ரப்ஜுங், அது எதோட மொழிபெயர்ப்பு தெரியுமா, பிரபவ. நம்ம பிரபவ, விபவ, சுக்லவேதான். அவங்க முதல் சுத்து 1027ல ஆரம்பிச்சது, இப்போ ஓடற சுத்து 1987ல ஆரம்பிச்சது, நம்ம பஞ்சாங்கத்துலயும் பிரபவ வருஷம் 1987தான். விரல் விட்டு எண்ணிப் பாத்தேன், 1292 நமக்கு நந்தன வருஷம். அதுக்கப்புறம் பன்னெண்டு சுத்து முடிஞ்சு 2012ல மறுபடி நந்தன வந்துச்சே, அங்கயும் 2012 நீர் டிராகன்தான்.

கல்வெட்டுல ரெண்டு பேர் வருது. செய்யச் சொன்னவர் அத்சரா பக்ஷி. செதுக்குனவர் கொன்சோக் க்யாப். அத்சராங்கறது ஆசார்யாவோட திபெத் உச்சரிப்பு, நம்ம ஊர்ல ஸ்தபதிய ஆசாரின்னு கூப்பிடறோமே அதே வேர். பக்ஷி மங்கோலிய மொழியில குரு, வாத்தியார். இதே வார்த்தை பின்னாடி முகலாயர்கிட்ட சம்பளப் பட்டுவாடா பண்ற பக்ஷியாச்சு. மார்க்கோ போலோ கூட குப்லாய் அரண்மனையில திபெத், காஷ்மீர் பக்கத்து பக்ஷிங்க மந்திரத்தால கோப்பைய காத்துல பறக்க விட்டு கான் கைக்கு அனுப்புனதா எழுதி வச்சிருக்கார். ஆக ஆர்டர் குடுத்தவர் பேருன்னு நமக்கு கெடைக்கிறது ரெண்டு பட்டம், ரெண்டுக்குமே அர்த்தம் வாத்தியார். ஆனா உளி புடிச்சவர் பேரு நெஜமான ஆள் பேரு. திபெத் சிலைல செஞ்சவன் பேரு போடறது அரிதிலும் அரிது, எத்தனையோ ஆயிரம் சிலைக்கு கை வச்சவன் யாருன்னே தெரியாது. இவருக்கு தெரியும். எனக்கு இந்தச் சிலையில ரொம்பப் புடிச்சது இது.

குப்லாய் காலத்து கல்லுல எழுத்துன்னதும் இன்னொண்ணும் சொல்லணும், ஏன்னா அது தமிழ்ல இருக்கு. சீனத் துறைமுகம் சுவான்ஜௌல நம்ம வியாபாரிங்க ஒரு சிவன் கோயில் வச்சாங்க, 1281 சித்திரையில வெட்டுன தமிழ்க் கல்வெட்டு அங்க கெடைச்சது, செகசைகான் நல்லா இருக்கணும்னு வேண்டி, அவரோட பர்மான், அதாவது அரச ஆணைப்படி சாமிய எழுந்தருளப் பண்ணதா எழுதியிருக்கு. அந்த செகசைகான் குப்லாய்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஒரே பேரரசு, ஒரு மூலையில தமிழ் எழுத்தோட சிவன், பதினோரு வருஷம் கழிச்சு இன்னொரு மூலையில திபெத் எழுத்தோட மகாகாளன்.

எழுத்து இல்லாத சிலை என்ன ஆகும்

2012ல ஒரு செய்தி உலகம் பூரா ஓடுச்சு, விண்கல்லுல செதுக்குன திபெத் சிலை. 24 சென்டிமீட்டர் உயரம், 10.6 கிலோ, நெஞ்சுல ஸ்வஸ்திகா. ஜெர்மனியில எல்மார் புக்னர் டீம் ரசாயன டெஸ்ட் பண்ணி, இது சைபீரியா-மங்கோலியா எல்லையில விழுந்த சிங்கா விண்கல்லோட துண்டுன்னு நிரூபிச்சாங்க. அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. 1938-39ல திபெத் போன நாஜி கால ஷேஃபர் குழு கொண்டு வந்ததுன்னும், பதினோராம் நூற்றாண்டு வேலையா இருக்கலாம்னும் கூடவே ஒட்டிக்கிச்சு. சில வாரத்துல ஆகிம் பேயர்னு ஒரு பௌத்த அறிஞர் வந்து ஒடச்சார். கல்லப் பத்தி அவர் ஒண்ணுமே பேசல, துணியப் பத்தி பேசினார். அங்கிக்கு பதிலா பேன்ட், பூட்ஸுக்கு பதிலா ஷூ, முழுத் தாடின்னு திபெத்துக்கு ஒட்டாத 13 விஷயத்த எடுத்து வச்சு, இது 1910க்கும் 1970க்கும் நடுவுல ஐரோப்பாவுல செஞ்சிருக்க வாய்ப்பு அதிகம்னு சொன்னார். ஷேஃபர் குழுவ ஆராஞ்ச இன்னொரு அறிஞரும் அவங்க கொண்டு வந்த பொருள் லிஸ்ட்ல இப்படி ஒண்ணு இல்லன்னு சொல்லிட்டாங்க.

விண்கல்லு பல ஆயிரம் வருஷம் முன்னாடி விழுந்தது, சரி. உளி எப்போ பட்டுச்சுன்னு கல்லு சொல்லாது. லேப்ல சொன்னது பூரா உண்மை, ஆனா கேக்க வேண்டிய கேள்வி அது இல்ல. பேயர் செஞ்சது நான் கண்டிக் கட்டையில செஞ்ச அதே வேலை, என்ன, அவருக்கு படிப்பு இருக்கு.

இதுக்கு நடுவுல கீமே மியூசியமே ஒரு பிரச்சினையில மாட்டுச்சு. திபெத் பொருளெல்லாம் இருக்கற கேலரிக்கு பேர மாத்தி ‘ஹிமாலய உலகம்’னு வச்சாங்க, 2024ல திபெத்காரங்களும் அறிஞர்களும் சீனாவுக்கு பயந்து எங்க நாட்டுப் பேர அழிக்கறீங்கன்னு எதிர்ப்பு தெரிவிச்சு மியூசியம் வாசல்லயே நின்னாங்க. மியூசியம் அப்படி இல்லன்னு மறுத்துச்சு. எனக்கு தோணுனது, 1912லயே ஜாக் பாகோங்கற பிரெஞ்சு திபெத் அறிஞர் தன் திபெத் கலெக்‌ஷன அள்ளிக் குடுத்த எடம் அது, அந்த ஊர் பேர போர்டுல பெருசா எழுதறதுல என்ன கஷ்டம். செதுக்குனவன் தன் பேரையே விடாம எழுதிட்டுப் போயிருக்கான்.

இவ்வளவையும் ஒரு ஞாயித்துக்கெழம ஃப்ரெண்டுகிட்ட சொல்லி முடிச்சேன். கடைக்கு போன் போட்டு சண்ட போடலாமான்னு கேட்டான், பில்லே இல்லடா உன்கிட்டன்னேன். தூக்கிப் போட மனசு வரல, பொண்ணுக்கு அந்த தொப்பை புடிச்சிருக்காம், டிவி பக்கத்துல வச்சிட்டான். போன வாரம் அவன் வீட்டுக்கு போனப்போ சும்மா எடுத்து திருப்பிப் பாத்தேன். பீடத்துக்கு அடியில, அந்தக் காத்துக் குமிழிங்களுக்கு நடுவுல, கருப்பு மார்க்கர்ல அவன் பொண்ணு கையெழுத்து: ‘விசுவாவசு வருஷம், வைகாசி. அப்பா வாங்கினது. பிளாஸ்டிக்.’